துரையை மடக்கும் கயிறு

மரம் அறுக்கும் அந்த மரவாடியில் குதிரையைப் பிடிப்பது ஒரு ஆள் வேலை இல்லை. குதிரைக்குத் துரை என்று பெயர். யார் வைத்தார்களோ, குணம் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். பூட்டிவிட்டால் மறுபேச்சு கிடையாது, நாலு பேர் தள்ளியும் அசையாத அடிமரத்தை அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். பூட்டுவதற்கு முன்னால் துரையவர்களைப் பிடித்தாக வேண்டுமே, அங்கேதான் வம்பு. காரட்டைக் காட்டிக் கூப்பிட்டால் வராது. அந்த வீட்டில் எல்லோருமே எப்போதாவது ஒருநாள் வெறுங்கையைப் பொத்திக் காட்டி அதை ஏமாற்றியவர்கள்தான், துரையும் எதையும் மறக்கிற ரகம் இல்லை.

அதனால் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நீளமான ஒரு கயிறு. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு உயரத்தில் நீட்டியபடி நடந்து வர வேண்டும். கயிற்றைக் கண்டதும் துரை வாலைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடும். எதிர்ப்பக்கம் மரவாடியின் சுவர். போக வழியில்லாமல் திரும்பும்போது கயிறு அதன் நெஞ்சில் படும். பட்டதோ இல்லையோ, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். அந்த அழுத்தம் இருக்கிறவரைக்கும் அசையாது, யார் வேண்டுமானாலும் தலைக்கயிறு மாட்டிக்கொள்ளலாம். வருஷக்கணக்காக இப்படியே பிடித்துப் பிடித்து எல்லோரும் கயிற்றைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி வேலையைச் சுவர் செய்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

மரவாடியை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் ஒற்றுமையில் குறை சொல்ல முடியாது. பெண்டாட்டிகள்தான் பேசிக்கொள்வதில்லை. இளையவள் வாய்த்துடுக்குக்காரி. துரை பிடிகொடுக்காமல் வேலை கெட்ட ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் சிரிக்கட்டும் என்று, "இந்த வீட்டுல வேலைக்கு ஆகாம தீனி தின்னுறது ரெண்டு. ஒண்ணு கொட்டகையில நிக்குது" என்று சொல்லிவிட்டாள். இன்னொன்று எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மரம் சரிந்து விழுந்ததில் மூத்தவளுக்கு இடுப்பு போய், ரம்பத்தடியில் நிற்க முடியாமல் அவள் வீட்டோடு உட்கார்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆண்கள் சிரித்தார்கள். மூத்தவள் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அன்றோடு சரி.

பேச்சு நின்றாலும் வீட்டு வேலை நிற்குமா? அதற்குத்தான் பட்டாணி இருந்தாள். இளையவளின் மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. "பெரியம்மாகிட்டப் போய் அடுப்பை அணைக்கச் சொல்லு" என்று இவள் சொல்வாள். "அணைச்சு அரைமணி நேரம் ஆச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்று அவள் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் நிற்பார்கள். பட்டாணி ஒரு எழுத்தும் விடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒப்பித்துவிட்டு அடுத்த சேதிக்குக் காத்திருப்பாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. மற்றபடி ஜாடைப் பேச்சு இருக்கவே இருந்தது, சுவரைப் பார்த்து, பாத்திரத்தைப் பார்த்து.

அன்று மதியம் ஆண்கள் இருவரும் லாரியில் பலகை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள், வர எப்படியும் பொழுது சாயும். ரம்பம் ஓடாததால் இடமே காது அடைத்த மாதிரி இருந்தது. இளையவள் மரத்தூளைக் கூட்டி அள்ளிப் பின்வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்து, பலகைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்றுதான் உறைத்தது. பட்டாணியின் சத்தமே இல்லை.

எழுந்து பார்த்தாள். பின்வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. கை நிறையக் கூடையோடு வந்தபோது காலால் எத்திச் சாத்தியது நினைவு வந்தது. தாழ்ப்பாள் போட்டது நினைவு வரவில்லை. தாழ்ப்பாள் விஷயத்தில் தினமும் மூத்தவளை ஜாடை பேசுகிறவள் அவள்தான்.

கதவுக்கு அப்பால் மேட்டுப் புல்வெளி. அதற்கு அப்பால் கல்குவாரி, கல்லை வெட்டி எடுத்துவிட்டுக் காலியாக விட்டுப்போனது. செங்குத்தாக இறங்கி அடியில் பச்சைத் தண்ணீர் கிடக்கும். சுற்றியிருந்த வேலியைப் பழைய இரும்புக்காக யாரோ அறுத்துக்கொண்டு போக, ஒரே ஒரு கம்பம் மிச்சம் நின்றது. அந்தக் கம்பத்துக்கு அந்தப்புறம் போன மழையில் மண் சரிந்து, மேலே புல்லும் அடியில் வெறும் காற்றுமாக விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் கால் வைக்காததால் புல் அங்கேதான் நன்றாக வளர்ந்திருந்தது. துரை விளிம்போரமாகவே மேய்ந்துகொண்டு அந்தப் புல்லை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் பட்டாணி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

மர அடுக்கில் ஏறி அங்கிருந்து வழுக்கி முதுகில் விழுந்திருப்பாள், வேறு வழியில்லை. கத்த வாயைத் திறந்த இளையவள் கையால் பொத்திக்கொண்டாள். அவள் குரல் கேட்டால் துரை ஓடும். கீரைப் பாத்தியில் வாய் வைத்தபோதெல்லாம் துடைப்பத்தோடு துரத்தியவள் அவள். கொட்டகைக்கு ஓடினாள். ஆணியில் தொங்கிய தலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள், நீளக் கயிற்றை அள்ளிக்கொண்டு பின்வாசலைத் தாண்டினாள். யார் மறுமுனையைப் பிடிப்பார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. பின்னால் இழுபட்ட கயிறு சட்டென்று நின்றது.

திரும்பினாள். மூத்தவள் கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"சில பேருக்கு அவசரம்னா கண்ணு தெரியாது" என்றாள் மூத்தவள், கதவைப் பார்த்து. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "கயிறைப் பார்த்தா அது எதிர்ப்பக்கம் ஓடும். எதிர்ப்பக்கம் அங்க என்ன சுவரா இருக்கு?"

இளையவளின் கையிலிருந்து கயிறு நழுவியது. இன்னும் பத்தடி போயிருந்தால் தன் பிள்ளையைத் தானே குவாரிக்குள் விரட்டியிருப்பாள் என்று புரிந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ பார்த்துக்கிட்டே நிக்கணுமா?" என்று அவளும் கதவையே கேட்டாள். "இறங்கச் சொல்லலாமா?"

"குவாரிப் பக்கமா சறுக்கினா என்ன பண்றது?" மூத்தவள் குதிரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் யோசித்தாள். "கயிறு அந்தப் பக்கம் இருக்கணும், விளிம்புல. அதுவும் புல்லுக்குள்ள படுத்துக் கிடக்கணும், துரை கண்ணுல படாம. அது கிட்டக்க வந்ததும் தூக்கினா நெஞ்சுல படும், நின்னுடும்."

"அது எதுக்குக் கயிறுகிட்ட வரும்?"

"ஓட்டணும்."

"விளிம்புப் பக்கமாவா?"

மூத்தவள் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நான் கிட்டப் போனா அது மேய்ஞ்சுக்கிட்டே இருக்கும், பிடிக்கக் கையை நீட்டினாத்தான் விலகும். யாரைக் கண்டா நகரும்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

ஆகக்கூடி, பெற்றவள் தன் பிள்ளையைத் தன் காலாலேயே குவாரி விளிம்புக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கயிறு சரியான நேரத்துக்கு எழும்பும் என்று நம்ப வேண்டும். அந்தக் கயிறு யார் கையில் என்பதுதான் இளையவளை உறுத்தியது. மூத்தவள் கெட்ட எண்ணம் பிடித்தவள் இல்லை, அந்தப் பயம் அவளுக்கு வரவேயில்லை. அந்தக் கைக்கும் இடுப்புக்கும் பலம் இருக்குமா என்பதுதான் பயம். வேலைக்கு ஆகாது என்று எல்லோரும் சிரிக்கச் சொன்னவளே இன்று அந்த இடுப்பை நம்பிக் குழந்தையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. வேறு போக்கிடம் இல்லை. கதவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மூத்தவள் நொண்டி நொண்டிப் போனாள். நேராகப் போகவில்லை. காற்று வாங்க வந்தவள் போல வளைந்து சுற்றி, துரையைப் பார்க்காமல், ஏதோ முணுமுணுத்தபடி விளிம்புக்குப் போனாள். துரை ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பிவிட்டு மேய்ந்தது. மூத்தவள் கம்பத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினாள். பிறகு விளிம்பை ஒட்டியே திரும்பி வந்தாள், கயிற்றைப் புல்லுக்குள் நழுவவிட்டுக்கொண்டே. குதிரைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நாலு எட்டுதான் இடம் இருந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போது அவள் இடுப்பு ஒருமுறை மடங்கியது. இளையவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மூத்தவள் கடந்து வந்து, விளிம்போரம் புதைந்து கிடந்த ஒரு கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, கல்லில் கால்களை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

பட்டாணிக்கு ஒரே சந்தோஷம். "பெரியம்மா, நான் யார் மேல உட்கார்ந்திருக்கேன் பாரு" என்றாள்.

"பார்த்தேன், பார்த்தேன். ரெண்டு கையாலயும் முடியைப் பிடிச்சுக்கோ. பிஸ்கட்டை வாயில வச்சுக்கோ. உங்கம்மா வருவா. நான் சொல்றதை அம்மாகிட்டச் சொல்லணும், சரியா?"

இது அவளுக்குத் தெரிந்த வேலை. பிஸ்கட்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பிடரி மயிரை இறுகப் பற்றிக்கொண்டாள். அவள் குரல் துரைக்குப் பழக்கம். தலைக்குமேல் அவள் எவ்வளவு கத்தினாலும் அது கண்டுகொள்ளவில்லை.

இளையவள் புல்வெளியில் இறங்கினாள். ஒரு அடி வைத்தாள். துரை தலையைத் தூக்கியது. இன்னொரு அடி. துரை ஒரு அடி விலகியது, விளிம்பை நோக்கி.

"அம்மா, மெதுவாவாம்" என்றாள் பட்டாணி.

அவள் நின்றாள். துரை விலகாமல் அவளையே பார்த்தது. மறுபடி அடி வைத்தாள். துரை இம்முறை நேராக விலகாமல், கம்பத்தின் பக்கமாக, அந்தப் பொய்ப் புல்லின் பக்கமாகத் திரும்பியது.

"அம்மா, வலப்பக்கம் போகணுமாம். வலப்பக்கம்னா எது பெரியம்மா?"

"பட்டாணி பென்சில் பிடிக்கிற கைப்பக்கம்."

"நான் பென்சில் பிடிக்கிற கைப்பக்கமாம்."

இளையவள் பக்கவாட்டில் நகர்ந்தாள். கம்பத்துக்கும் துரைக்கும் நடுவில் அவள் வந்ததும் துரை மூக்கை விடைத்துக்கொண்டு மூத்தவள் பக்கம் திரும்பியது. அங்கே கல், புல், வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தெரிந்த மனுஷி. இங்கே துடைப்பக்காரி. எது மேல் என்று துரை முடிவு செய்துகொண்டது.

"இன்னும் வரணுமாம்."

ஒரு அடி. கண்ணுக்கு எதிரே மகளின் முதுகு, அதற்கு அப்பால் எதுவுமே இல்லை, வெறும் வெளி. கால் வர மறுத்தது. காலைத் திட்டித் திட்டி எடுத்து வைத்தாள்.

"இன்னுமாம்."

"போதும்" என்று அவள் வாய்க்குள் சொன்னாள். "போதும், போதும்."

"அம்மா, பயப்படாதேன்னு பெரியம்மா சொல்றாங்க. ஒரே ஒரு அடியாம்."

அந்த அடியை அவள் வைத்தாள். துரை சட்டென்று விளிம்பை நோக்கிப் பாய்ந்தது. புல்லுக்குள்ளிருந்து கயிறு விர்ரென்று எழும்பி அதன் நெஞ்சில் பட்டது.

துரை நின்றது. முன்னங்கால் குளம்பு விளிம்பில் இருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து போயிற்று. தண்ணீரில் அது விழுந்த சத்தம் எவ்வளவோ நேரம் கழித்துத்தான் கேட்டது.

இளையவள் பக்கவாட்டில் போய்க் கைகளை நீட்டினாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே" என்று பட்டாணி பிடரியை விடாமல் சிணுங்கினாள். விரல்களைப் பிரித்து இழுத்து, மார்போடு அணைத்து, இளையவள் ஓடினாள். புல்வெளியின் பாதியில் கால் தடுக்கி உட்கார்ந்துவிட்டாள். முதுகில் ஒரு அடி போட்டாள். பிறகு முத்தம் கொடுத்தாள். பிறகு அழுதாள். எது முன்னால் எது பின்னால் என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை கிடைத்துவிட்டாள், உலகத்தில் வேறு எதுவும் அவளுக்குத் தேவையில்லாமல் இருந்தது.

"அம்மா" என்றாள் பட்டாணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பெரியம்மா சொன்னாங்க, நம்மளை வீட்டுக்குப் போயிடச் சொன்னாங்க. திரும்பிப் பார்க்க வேணாமாம்."

அப்படிச் சொன்னால் யார்தான் பார்க்க மாட்டார்கள். பார்த்தாள்.

மூத்தவள் அதே இடத்தில் இருந்தாள். உடம்பு பின்னால் சாய்ந்து, முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கயிறு அவள் கையில் மட்டும் இல்லை. கைப்பிடி போதாது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள், அந்த உடைந்த இடுப்பை. துரை அசையாமல்தான் நின்றது. ஆனால் காலடி மண் சரிய அதன் பாரம் முழுவதும் கயிற்றில் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் துருப்பிடித்த கம்பம் அடியோடு லேசாகச் சாய, அடியில் மண் வாய் பிளந்துகொண்டிருந்தது. கம்பம் போனால் துரை போகும். துரை போனால் கட்டியிருக்கிறவளும் போவாள். பாரம் தொங்கும்போது முடிச்சை அவிழ்க்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றிருக்கிறாள்.

இளையவள் பட்டாணியை ஒரு பாறைமேல் உட்கார வைத்தாள். "இங்கிருந்து எழுந்தே, தோலை உரிச்சுடுவேன்" என்றாள். தோளில் தலைக்கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி நடந்தபோது சேதி சொல்ல நடுவில் யாரும் இல்லை.

"அக்கா, விட்டுடாதீங்க. நான் வரேன்."

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "போடி. பிள்ளையைப் பாரு."

"பிள்ளை அங்க உட்கார்ந்திருக்கா. இதை எப்படி மாட்டுறது, சொல்லுங்க."

ஒரு கணம் மூத்தவள் அவளைப் பார்த்தாள். "மூக்கு முதல்ல. அப்புறம் காது. வேகமா கையைத் தூக்காதே. என்னமாவது பேசிக்கிட்டே இரு."

இளையவள் இதற்குமுன் துரையைத் தொட்டதே இல்லை. கிட்டத்தில் அது ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு இருந்தது. கண்ணின் வெள்ளை தெரிய அவளைப் பார்த்தது. என்ன பேசுவது? "துரை, கீரையெல்லாம் நீயே தின்னுக்கோ" என்றாள். "பாத்தி முழுக்க உனக்குத்தான். துடைப்பத்தை அடுப்புல போட்டுடறேன்." மூக்கில் கயிறு ஏறியது. காதைத் தொட்டதும் துரை தலையை உதறியது. கம்பத்தடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். மறுபடி மெல்ல மேலே கொண்டுபோனாள், மாட்டிவிட்டாள்.

"இழுக்காதே, நெஞ்சுல கையை வச்சுப் பின்னால தள்ளு" என்றாள் மூத்தவள். அவள் குரல் தேய்ந்துகொண்டிருந்தது.

தள்ளினாள். மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள், கெஞ்சினாள். துரை ஒரு காலைப் பின்னால் வைத்தது. பிறகு இன்னொன்றை. கயிறு தொய்ந்தது. "அவிழுங்க, அக்கா, அவிழுங்க" என்று அவள் சொல்வதற்கு முன்னமே மூத்தவள் இடுப்புச் சுற்றைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தாள். கடைசிச் சுற்று கழன்ற சற்று நேரத்துக்கெல்லாம் கம்பம் மண்ணோடு சாய்ந்து உள்ளே போயிற்று. கயிறு புல்லுக்குள் சரசரவென்று ஓடி விளிம்பைத் தாண்டி மறைந்தது. துரை அதை வேடிக்கை பார்த்தது.

இளையவள் தலைக்கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை விட்டால் தானே விழுந்துவிடுவாள் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. எந்த வார்த்தையை எடுத்தாலும் அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னது குறுக்கே வந்து நின்றது.

மூத்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பு கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டு புடவையிலிருந்து புல்லைத் தட்டினாள்.

"கயிறும் போச்சு" என்றாள். "இந்த வீட்டுல வேலைக்கு ஆகாதது ரெண்டையும் இனி நீதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

பாறையிலிருந்து எப்போதோ இறங்கி வந்துவிட்டிருந்த பட்டாணி, வழக்கம்போல, அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "அம்மா, பெரியம்மா என்ன சொல்றாங்கன்னா..."

"கேட்டுச்சுடி" என்றாள் இளையவள். "எனக்கே கேட்டுச்சு."

துரையின் கயிற்றை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, குனிந்து மறு கையை நீட்டினாள்.